திருக்கைக் கடை: மஸ்கெலியா பாதையில் ஒரு பகல் சாப்பாடு

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியாவுக்குப் போகும் பாதையில், ஒரு வளைவுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகையை ஒரு லொறி இடித்துத் தள்ளிய பிறகு முதலாளி புதிதாக எழுதி மாட்டவே இல்லை. பஸ்ஸில் "திருக்கைக் கடை" என்று சொன்னால் இறக்கி விடுவார்கள். கொஞ்சம் வயதான கண்டக்டர் என்றால் "முதலைத் துரை கடையா?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான். ஏன் இரண்டு பெயர் என்பதைச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன பிறகு சொல்கிறேன். அந்தக் கதைக்காகவே போகிற பலர் தட்டில் என்ன இருந்தது என்று கவனிக்காமல் திரும்பி வருகிறார்கள். அது அக்காவின் கைக்குச் செய்கிற அநியாயம்.

அக்கா என்றால் முதலாளியின் மனைவி. சமையல் முழுக்க அவர்தான். நாட்டரிசிச் சோறு, பருப்பு, கோவா அல்லது லீக்ஸ் வறை, ஏதாவது ஒரு கீரை, அப்பளம். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டும். மற்ற நாட்களில் நெத்தலி, கட்டா, கிடைத்த கருவாடு. புதனும் சனியும் மட்டும் திருக்கைக் கருவாட்டுக் குழம்பு. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

திருக்கை எல்லாருக்கும் சரிவராத கருவாடு. சுறாவைப் போலவே அதன் சதையிலும் யூரியா இருக்கிறது. செத்த பிறகு அது அமோனியாவாக மாறும். சரியாகக் கழுவாமல் குழம்பு வைத்தால் முதல் வாயிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்ப வேண்டியதுதான். மலையகத்தில் பல கடைகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள், மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். இங்கே அக்கா முதல் நாள் இரவே கொதிதண்ணீரில் போட்டு, தோலைக் கத்தியால் சுரண்டி, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி வைத்துவிடுவார். காலையில் கொறுக்காப்புளி, மிளகு, நிறைய வெள்ளைப்பூண்டு. இறக்கும் நேரத்தில் ஒரு கை முருங்கைக்கீரை. சதை நார்நாராகப் பிரியும். எலும்பு கிடையாது, குருத்துதான், அதையும் கடித்துத் தின்னலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்குத் திருக்கை கொடுப்பது நம் வழக்கம் இல்லையா, அதனால் தோட்டத்து லய வீடுகளில் இருந்து மூடிபோட்ட சட்டியோடு வந்து குழம்பு மட்டும் வாங்கிப் போகிற மாமியார்களை இங்கே பார்க்கலாம். அவர்களுக்கு வரிசை கிடையாது, நேராகக் குசினிக்குள் போவார்கள். நீங்கள் முறைத்தால் பிரயோசனம் இல்லை.

நான் கடைசியாகச் சாப்பிட்டபோது ஒரு தட்டு கருவாட்டோடு 400 ரூபாய். சோறு கேட்டால் இன்னொரு தரம் போடுவார்கள். குழம்பு கேட்டால் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பிளேன்டீ சுமார்தான். நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிவிட, நமக்கு டஸ்ட்தானே மிச்சம். மாலையில் கொத்து ரொட்டி போடுகிறார்கள். வேண்டாம், எண்ணெய்தான் அதிகம், கொத்துகிற பையனுக்குக் கைச் சத்தத்தில் இருக்கும் அக்கறை ருசியில் இல்லை.

சரி, இனி அந்த இரண்டு பெயர்க் கதைக்கும், கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்கும் வருவோம்.

நான் டீவி திருத்துகிறவன். இப்போது அந்தத் தொழிலில் ஒன்றும் இல்லை, கமரா மாட்டிக் காலம் தள்ளுகிறேன். 2006 தொடக்கத்தில் இந்தக் கடைக்கு டிஷ் பூட்டியது நான்தான். முதலாளி கேட்டது கிரிக்கெட்டும் தமிழ்ப் படமும். கூடவே ஆங்கிலத்தில் மிருகங்களைக் காட்டும் சேனல் ஒன்றும் வந்தது. அதில் முதலை பிடிக்கிற ஆஸ்திரேலியக்காரர் ஸ்டீவ் இர்வின் வருவார். அவர் பேசுகிற ஆஸ்திரேலிய ஆங்கிலம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே பாதிதான் விளங்கும், ஆனால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் புரிகிற நிகழ்ச்சி அது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல விரியும். பாம்பை வாலில் பிடிப்பார், அது திரும்பிக் கொத்த வந்தால் அதைப் பாராட்டுவார்.

எங்கள் பக்கத்தில் காக்கிக் காற்சட்டை போட்டு மலையில் நிற்பவர் என்றால் அது தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரை. இவரும் வெள்ளைக்காரர், காக்கிக் காற்சட்டை. ஆனால் இவர் சேற்றில் குப்புற விழுந்து முதலையைக் கட்டிப் பிடிக்கிறார். ஒரு துரை சேற்றில் விழுந்து புரள்வதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்கள் கூடையோடு வாசலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். முதலைத் துரை என்ற பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான். கல்யாணம் முடித்த கையோடு 1992இல் மனைவி டெரியைக் கூட்டிக்கொண்டு முதலை பிடிக்கப் போனவர், அந்தப் படம்தான் அவர் தொடரின் முதல் பகுதியானது என்று நான் பேப்பரில் படித்துச் சொன்னேன். "அந்தப் புள்ள எப்பிடித்தான் குடும்பம் நடத்துதோ" என்று ஒரு ஆயா கவலைப்பட்டார்.

2006 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. குயின்ஸ்லாந்தின் போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால், பாட் ரீஃப் என்ற பவளப்பாறைத் திட்டில், கடலின் ஆபத்தான உயிரினங்களைப் பற்றிய படம் ஒன்றுக்குப் போயிருந்தார். வானிலை சரியில்லாமல் வேலை தடைப்பட, சும்மா இருக்க முடியாமல் மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்கு நாலு காட்சி எடுத்து வரலாம் என்று ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினார். பெரிய திருக்கை ஒன்றுக்குப் பின்னால் நீந்தினார். அது வாலை வீசி மார்பில் குத்தியது. வயது 44. அங்கே பகல் பதினொரு மணி அளவில். இங்கே காலை ஆறரை, தோட்டத்து ஆட்கள் வேலை பிரிக்கிற பிரட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

செய்தி கடைக்கு வந்தது பகலில். முதலில் யாரும் நம்பவில்லை. முதலை கடித்துச் செத்தார் என்றால் எல்லாரும் நம்பியிருப்பார்கள், பாம்பு என்றாலும் சரி. திருக்கையா? நாம் மூட்டையில் வாங்கி, கழுவி, குழம்பு வைக்கிற திருக்கையா? அன்று இரவுச் செய்தியில் புலிகளிடம் இருந்து சம்பூரை இராணுவம் பிடித்துவிட்டது என்பதுதான் பெரிதாக ஓடியது. அந்த மாதங்களில் கடையில் செய்தி போனால் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள், யார் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. எத்தனையோ சாவுகளைப் பற்றி வாய் திறக்க முடியாமல் இருந்தது. முதலைத் துரையின் சாவைப் பற்றி மட்டும் யாரும் சத்தமாகப் பேசலாம். அதனால்தானோ என்னவோ, அவ்வளவு பேசினார்கள்.

நான் அப்போது பேப்பரில் வந்ததை எல்லாம் வாசித்துக் காட்டுகிற ஆள். அங்கே பிரதமர் ஜோன் ஹவார்ட் இரங்கல் சொன்னார். இர்வினுடைய மிருகக்காட்சிசாலை வாசலில் மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும், கையெழுத்துப் போட்ட காக்கிச் சட்டைகளும் கொண்டுவந்து குவித்தார்கள். அரச மரியாதையோடு அடக்கம் செய்யலாம் என்று கேட்டபோது அப்பா பொப் வேண்டாம் என்றுவிட்டார், மகன் தன்னைச் சாதாரண மனிதனாகத்தான் நினைத்தான் என்றார். செப்டம்பர் 20ஆம் தேதி நினைவுக்கூட்டம், ஏறக்குறைய 5,000 பேர். முதலைகளுக்குத் தீனி போட்டுக் காட்டுகிற அதே அரங்கம். சிட்னித் துறைமுகப் பாலத்தில் கொடி அரைக்கம்பத்தில். எட்டு வயது பிண்டி எழுதி வைத்ததைத் தடுமாறாமல் வாசித்தாள். கடைசியில் அவருடைய வண்டியில் முகாம் சாமான்களை ஏற்றிப் பூட்டி வெளியே ஓட்டிப் போனார்கள். இதைக் கடையில் திரும்பப் போட்டபோது அக்கா குசினியில் இருந்து வெளியே வரவில்லை, அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றுவிட்டார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கொழுந்துப் பெண்கள் பேசியது. பேப்பரில் எழுதினவர்கள் எல்லாம் வீரம், துணிச்சல், அல்லது அசட்டுத் துணிச்சல் என்று எழுதினார்கள். வாசலில் நின்ற பெண் ஒருத்தி, "வேலைக்குப் போன எடத்துல செத்துருக்கு மனுசன்" என்றாள். அவ்வளவுதான். அவர்களுக்கு அது வேலைத்தளத்துச் சாவு. கொழுந்து மலையில் குளவி கொட்டிச் சாகிறவர்கள் இல்லையா? மரத்தில் கூடு இருக்கும், காற்றடித்தாலும் கலையும், பருந்து கொத்தினாலும் கலையும், கீழே கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓட வேண்டும். வயதானவர்களால் ஓட முடியாது. பேப்பரில் நாலு வரி வரும். இதைச் சொல்லிவிட்டு இன்னொருத்தி கேட்டாள்: "அந்தத் துரைக்கு கொடிய எறக்குனாங்க, சரி. நம்ம ஆளுக்கு பேரு போட்டா ஒரு நாள் பேரு குடுக்குறாங்களா?" பேர் போடுவது என்றால் வேலைக்கு வந்ததாகச் சம்பளக் கணக்கில் பதிவது. பொறாமையில் கேட்டதில்லை, கணக்குக் கேட்டாள்.

எல்லாரும் அழுதுவிடவும் இல்லை. ஒரு லொறி டிரைவர், "வெளையாட்டுக் காட்டுனா சாகத்தான் செய்வான்" என்றார். 2004 ஜனவரியில் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்குக் கோழி கொடுத்த படத்தை அவரும் பார்த்திருந்தார். அடி விழாத குறை. சரியாக அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் பிறந்த எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரீர் கார்டியன் பத்திரிகையில் ஏறக்குறைய இதையே எழுதி, மிருகங்கள் பழி தீர்த்துக்கொண்டன என்று முடித்து, ஊரெல்லாம் திட்டு வாங்கினார். லொறி டிரைவர் கார்டியன் படித்திருக்க வழியில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, சொன்ன நாள்தான் சரியில்லை. பிணம் வீட்டில் கிடக்கும்போது கணக்குப் பார்க்கிறவனை நம் ஊரிலும் அடிப்பார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை பையன்கள் சிலர் கூட்டமாக வந்து, "திருக்கை போடுங்கண்ணே, பழி வாங்கணும்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "குத்துனது ஆஸ்திரேலியாக் கடல்ல இருக்குறவன். இவன் மன்னார்ல காஞ்சு மூட்டையில வந்தவன். இவன் மேல என்னடா கோவம்?" என்றார். 83 கலவரத்துக்குப் பிறகு மன்னார்ப் பக்கம் போய், கரையில் கருவாடு எடுத்து விற்றுப் பிழைத்து, பிறகு திரும்பி வந்தவர் அவர். திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும், மிதித்தாலோ பயந்தாலோதான் குத்தும், வாலின் முள்ளில் இரண்டு பக்கமும் பின்னோக்கிய பற்கள் இருப்பதால் போன வழியில் இழுத்தால் சதையைக் கிழிக்கும், கரையில் முதல் வேலையாக அந்த முள்ளை வெட்டி எறிவார்கள் என்றெல்லாம் பையன்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். சோறு ஆறிவிட்டது. ஆனாலும் அன்று அவர் குழம்பை நிறுத்தவும் இல்லை, பழி என்ற பேரில் ஒரு தட்டு கூட விற்கவும் இல்லை.

பிறகுதான் செய்தி வந்தது. குயின்ஸ்லாந்துக் கரைகளில் பத்துத் திருக்கைகளாவது செத்துக் கிடந்தன, சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. இர்வின் தொடங்கிய அமைப்புக்காரர்களே, இது அவர் பெயரில் செய்யக்கூடிய காரியம் இல்லை என்று கண்டித்தார்கள். எந்த உயிரையும் வெறுக்காதீர்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கத்தின மனிதருக்கு அவருடைய ரசிகர்களே செய்த அஞ்சலி இது. அன்று கூட இருந்த கமராக்காரர் ஜஸ்டின் லையன்ஸ் 2014இல் ஒரு பேட்டியில், மேலே வந்த நிழலைத் தன்னைத் தின்ன வந்த சுறா என்று அந்தத் திருக்கை நினைத்திருக்கலாம் என்றார். இர்வின் முள்ளைத் தானே பிடுங்கினார் என்று முதலில் வந்த கதையையும் மறுத்தார். கடையில் அந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. நீங்கள் போனாலும் யாராவது ஒருவர் "பிடுங்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்பார். தலையாட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுவரில் இருப்பது அந்த வாரப் பேப்பரில் இருந்து வெட்டிய படம். கண்ணாடிச் சட்டம் நான் போட்டுக் கொடுத்தது. பிள்ளையாருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மாலை கிடையாது, பல்ப் கிடையாது, அந்த அப்பா சொன்னது சரிதான் என்று முதலாளி விட்டுவிட்டார். கண்ணாடியில் நெற்றிக்கு நேராக யாரோ குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள், அது வெளுத்துப்போய்க் கிடக்கிறது. கொஞ்ச நாளில் பெண்கள் ஒரு பேப்பர்த் துண்டோடு வந்தார்கள். குளவி கொட்டி இறந்த தொழிலாளி ஒருவரைப் பற்றிய நாலு வரி. "அவருக்கு மட்டும் ஒட்டுனா எப்பிடிங்க?" முதலாளி பசை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் துண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. சுற்றுலா வருகிற ஆட்கள் இர்வின் படத்தை மட்டும் போனில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுற்றி இருப்பதையும் வாசியுங்கள்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், அது அங்கே செத்துப்போனது. நாடே அழுதது. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டுவது எங்களுக்குப் புதிதில்லை, கறுப்பாக இருந்ததால்தான் கொழும்பு வரை கேட்டது. ஒரு பையன் அந்தப் படத்தையும் ஒட்ட வந்தான். பக்கத்து மேசையில் தோளில் சிறுத்தை கீறின தழும்போடு ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னையக் கடிச்ச சாதிக்கும் படமா? நானும் பத்திரிகையில வந்தேன், என் படம் எங்க?" சண்டை பகல் முழுக்க நடந்தது. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்ற வீடியோவையும் இழுத்தார்கள். கொன்றவர்களைத் திட்டினவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் பின்னால் சிறுத்தை படுத்திருக்கிறது என்று அவர் கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை. சுருக்கு வைத்தவனுக்கு மட்டும் பதில் இருக்கிறதா என்று பையன் கேட்டதற்கு அவரிடமும் இல்லை. கடைசியில் சிறுத்தை காசு மேசைக்குப் பின்னால் உள்ள சுவருக்குப் போனது. அவருடைய படமும் இப்போது இருக்கிறது, அவரே கொண்டுவந்து கொடுத்தார், கல்யாண வீட்டில் எடுத்தது.

செப்டம்பர் 4இல் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் கிடையாது. அன்னதானமும் இல்லை, விலைக் கழிவும் இல்லை. பழைய டியூப் டீவி போய் இப்போது 32 அங்குலம் இருக்கிறது, அதில் பெரும்பாலும் சீரியல்தான். பலத்த மழையில் சிக்னல் போகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

மற்றபடி குறைகள்: மேசைகள் நெருக்கம். கழிப்பறை கடைக்குப் பின்னால் படி இறங்கிப் போக வேண்டும், பெண்களைக் கூட்டிப் போகிறவர்கள் நோர்வூட்டிலேயே போய்விட்டு வருவது நல்லது. கை கழுவும் குழாய் வெளியே, டிசம்பரில் விரல் விறைத்துவிடும், கேட்டால் அக்கா ஒரு செம்பு சுடுதண்ணீர் தருவார். சிவனொளிபாத மலை சீசனில் வான்கள் வரிசையாக நின்றுவிடும், அந்த மாதங்களில் சனிக்கிழமையை மறந்துவிட்டுப் புதன்கிழமை போங்கள். சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம், கொத்துக்கு ஒன்று. பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். அப்புறம் போனால் திருக்கைச் சட்டியில் முருங்கைக்கீரைதான் இருக்கும், அதற்கும் 400 ரூபாய்தான்.